சாரிட்டி ஷாப்பில் பொருள் தேடுவது எப்படி? பிரிட்டனில் இருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் எந்தச் சிற்றூரின் கடைத்தெருவில் நடந்தாலும் இரண்டு மூன்று சாரிட்டி ஷாப்களாவது கண்ணில் படும். நாடு முழுக்க ஏறக்குறைய 10,000 கடைகள். மக்கள் போதும் என்று கொடுத்துவிட்ட துணிமணி, பீங்கான், புத்தகம், நாற்காலி ஆகியவற்றை விற்று, வரும் பணத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கோ முதியோர் நலனுக்கோ விலங்குகள் காப்பகத்துக்கோ கொடுக்கிறார்கள். இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் பலருக்கு முதல் குளிர்காலக் கோட்டும் முதல் சாப்பாட்டுத் தட்டும் இந்தக் கடைகளிலிருந்து வந்தவைதான்.

ஆனால் பணம் மிச்சம் பிடிக்க மட்டும் போகிறவர்கள் சீக்கிரம் சலித்துப் போகிறார்கள். புதுச்சட்டையே மூன்று நான்கு பவுண்டுக்குக் கிடைக்கும் காலம் இது. இந்தக் கடைகளின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. பொருளைத் தொட்டு, புரட்டி, தட்டிப் பார்த்து, இது எதால் ஆனது, எந்தக் காலத்தது, இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும் என்று விற்பவரையே கேட்காமல் நீங்களாகக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் மிச்சம் தானாக வரும். அதனால் இந்த வழிகாட்டியில் விலையைப் பற்றிக் குறைவாகவும் கையைப் பற்றி அதிகமாகவும் பேசப்போகிறேன்.

1. பின்னறையில் என்ன நடக்கிறது?

1942-இல், போர் முற்றுகையால் பட்டினியில் வாடிய கிரேக்க மக்களுக்கு உணவு அனுப்ப வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு கூடியது. ஆக்ஸ்ஃபாம் அப்படிப் பிறந்ததுதான். அதே ஊரில் பிராட் ஸ்ட்ரீட் 17ஆம் எண்ணில் 1940களின் இறுதியில் அவர்கள் தொடங்கிய கடையே இன்றைய சாரிட்டி ஷாப்களுக்கெல்லாம் முன்மாதிரி. செஞ்சிலுவைச் சங்கமும் சால்வேஷன் ஆர்மியும் அதற்கு முன்பே இப்படிப் பழைய பொருள் விற்றிருக்கின்றன.

விலை குறைவாக இருப்பதற்குக் காரணங்கள் எளியவை. பொருள் இலவசமாக வருகிறது. நன்கொடையாக வந்த பொருளைத் தொண்டு நிறுவனம் விற்றால் அதற்கு வாட் வரி பூஜ்யம். கடைக்கான உள்ளாட்சி வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. ஒரு மேலாளரும் ஓரிரு சம்பள ஊழியர்களும் இருப்பார்கள், மற்றவர்கள் தன்னார்வலர்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற பாட்டிகள், இடையிடையே கல்லூரிப் பிள்ளைகள்.

பைகள் பின்னறைக்கு வந்ததும் பிரிக்கப்படும். கறை, கிழிசல் உள்ளவை ஒரு பக்கம். நல்லவற்றுக்கு ஆவி காட்டிச் சுருக்கம் எடுத்து, விலைச்சீட்டு குத்தி, கம்பியில் மாட்டுவார்கள். அந்தச் சீட்டின் மூலையில் சின்னதாக ஓர் எண் இருக்கும். பல கடைகளில் அது துணி வெளியே வந்த வாரத்தின் எண். இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது: எது நேற்று வந்தது, எது இறங்கப்போகிறது என்று கம்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு மூன்று வாரம் விற்காமல் கிடந்தால் விலையைக் குறைப்பார்கள், அல்லது வேறு கிளைக்கு மாற்றுவார்கள். அங்கேயும் போகாதது கிலோக் கணக்கில் கந்தல் வியாபாரிக்குப் போகும். அப்படிப் போகும் துணிதான் கானா நாட்டு அக்ராவின் கான்டமான்டோ சந்தை வரைக்கும், மீண்டும் நூலாக்கப்படும் கம்பளியென்றால் ஹரியானாவின் பானிப்பட் வரைக்கும் பயணம் செய்கிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பவுண்டு ஓவியம் ஐந்து பவுண்டுக்கு மாட்டும் என்ற கனவோடு போகாதீர்கள். பெரிய தொண்டு நிறுவனங்களிடம் விலை மதிப்பிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர் பெற்ற கைப்பை, அரிய புத்தகம் எல்லாம் பின்னறையிலிருந்தே நேராக இணையக் கடைக்குப் போய்விடும். கம்பியில் மிஞ்சுவது பெயர் தெரியாத நல்ல பொருள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

2. 'அடுத்தவர் உடுத்தியதா?'

நம் வீடுகளில் இந்தக் கேள்வி வரும். அதிலும் இறந்தவர்களின் பொருளாக இருக்குமோ என்ற கூச்சம் அதிகம். உண்மையைச் சொன்னால், சில பொருள்கள் அப்படி வந்தவைதான். இங்கே பெற்றோர் காலமானபின் பிள்ளைகள் வீட்டை ஒழித்து மொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். தாத்தாவின் கோட்டை யாரோ ஒருவர் போட்டுத் திரிவதை அவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. அது மனதுக்கு ஒப்பவில்லையென்றால் துணியைத் தொடாதீர்கள். பீங்கானும் புத்தகமும் கண்ணாடிச் சாமானும் வாங்கிப் பழகுங்கள். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறேன். முதல் வாரம் கடை வாசலிலேயே நின்றுகொள்வார்கள். மூன்றாவது வாரம் ஊறுகாய் போட வாகான கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றனவா என்று உள்ளே முதலில் நுழைவதும் அவர்கள்தான்.

3. எந்தத் தெரு?

பணக்காரர்கள் வாழும் இடத்தில் நல்ல பொருள் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். லண்டனில் செல்சி, கென்சிங்டன், மேரில்போன், ஹாம்ப்ஸ்டெட், ரிச்மண்ட் பக்கம் போனால் பட்டுக் கழுத்துத்துணியும் இத்தாலியச் சப்பாத்தும் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அங்குள்ள கடைக்காரர்களுக்கும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். விலை அதற்கேற்பத்தான். எடின்பராவில் ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியிலும் ஒரே தெருவில் வரிசையாகக் கடைகள் இருப்பதால் ஒரு முழு மதியத்தை அங்கே கழிக்கலாம்.

என் ஓட்டு நடுத்தர வர்க்கப் புறநகர்களுக்கு. வயதானவர்கள் அதிகமாக, நாற்பது ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கும் ஊர்கள். அங்கே வரும் பொருளெல்லாம் 1970களில் யோசித்து வாங்கி, பொத்திப் பொத்திப் பாதுகாத்தது. இரண்டாவதாக, பெரிய நிறுவனங்களின் கிளைகளைவிட உள்ளூர் ஹாஸ்பிஸ் கடைகளை நம்புகிறேன். இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லங்கள் நடத்தும் கடைகள் இவை. தென்கிழக்கு லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு முன்னோடி. அதற்கும் அந்த வட்டாரத்தில் கடைகள் உண்டு. இத்தகைய கடைகளில் விலையை அந்தந்தக் கடையின் ஆட்களே போடுவது அதிகம். அதனால் ஏற்ற இறக்கம் இருக்கும், அந்த ஏற்ற இறக்கத்தில்தான் நமக்கு வேலை.

ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போல நம்மவர்கள் வாழும் பகுதிகளை விட்டுவிடாதீர்கள். எப்போதாவது புடவை வரும். அது உடைக் கம்பியில் இருக்காது. திரைச்சீலை, மேசைவிரிப்போடு மடித்துக் கிடக்கும், ஆறு கஜத்துக்கும் சேர்த்து ஒரே விலையில். நல்ல பட்டுக்கும் நைலானுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கடையில் அன்று நீங்களாக இருக்கலாம்.

4. எந்த நாள்?

மக்கள் வாரக்கடைசியில் வீட்டை ஒழிக்கிறார்கள். ஞாயிறு, திங்களில் பைகள் குவியும். செவ்வாய், புதன் காலை கம்பியில் புதியவை ஏறும். ஆகவே வார நடுவில் காலை. சனி மதியம் கூட்டம் அதிகம், கம்பி கலைந்திருக்கும். சின்ன ஊர்களில் ஞாயிறு பல கடைகள் திறப்பதில்லை.

வருஷத்தில் ஜனவரிதான் அறுவடைக்காலம். கிறிஸ்துமஸுக்கு வந்த பிடிக்காத பரிசுகள் பெட்டி பிரிக்காமலே வந்து சேரும். ஜூனில் பல்கலைக்கழக ஊர்களில் மாணவர்கள் அறையைக் காலி செய்யும்போது வாணலி, மேசை விளக்கு, துணி காயவைக்கும் மடக்குக் கம்பி என்று வந்து விழும். அதே சாமான்களை வாங்க செப்டம்பரில் புது மாணவர்கள் வந்து மொய்ப்பார்கள்; ஆகஸ்டிலேயே வாங்கிவிடுவது உத்தமம். கோட்டு வாங்க ஏற்ற மாதம் மே. வெயில் வந்ததும் எல்லோரும் கனத்த துணியைக் கொடுத்துவிடுவார்கள், வாங்க ஆள் இருக்காது. இடம் குறைவான கடைகள் குளிர் துணியை இலையுதிர்காலம் வரை எடுத்து வைப்பதும் உண்டு, அதனால் கம்பியில் இல்லாவிட்டால் கேட்டுப் பாருங்கள்.

5. கையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு அளவு நாடா. உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் சட்டை, பேன்ட் ஒன்றின் அளவுகளைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்: அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள், கை நீளம், இடுப்பு. பழைய துணியில் அச்சிட்ட சைஸை நம்ப முடியாது. 1980களின் 12 இன்றைய 12-ஐவிடச் சின்னது. ஐரோப்பிய அளவு போட்டிருந்தால் பெண்கள் உடையில் அதிலிருந்து 28-ஐக் கழியுங்கள். 40 என்றால் பிரிட்டனின் 12.

துணிப்பை ஒன்று. இங்கிலாந்தில் பிளாஸ்டிக் பைக்கு 10 பென்ஸ் கேட்பார்கள். மெல்லிய உடை அணிந்து போனால் நல்லது. துணி மாற்றும் அறை பல கடைகளில் ஒன்றுதான் இருக்கும், அதிலும் யாரோ நன்கொடைப் பைகளை அடுக்கியிருப்பார்கள்.

வேண்டியவற்றின் பட்டியலைச் சின்னதாக, ஐந்தாறு பொருளோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'இன்றைக்கே வேண்டும்' என்ற அவசரம் ஆகாது. அவசரத்துக்கு வேறு கடைகள் இருக்கின்றன.

6. துணி: கை முதலில், கண் பிறகு

கம்பிக்கு முன்னால் நின்றதும் ஒவ்வொரு ஹேங்கராக இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளங்கையைத் துணிகளின் தோள்மீது வைத்து, மெதுவாக நடந்தபடியே தடவிக்கொண்டு போங்கள். பாலியெஸ்டர் வழுக்கும், கொஞ்சம் சில்லென்று இருக்கும். கம்பளி லேசாகக் கடிக்கும். காஷ்மியர் விரலில் மாவுபோல் பதியும். லினன் சுருக்கத்தோடு மொடமொடக்கும். சில மாதங்களில் கை தானாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தொடங்கும். நின்ற இடத்தில் மட்டும் எடுத்துப் பாருங்கள்.

ஒரு கம்பளிக் கோட்டு மாட்டியது என்று வைத்துக்கொள்வோம். கழற்றி, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். கடை விளக்கில் கறுப்பும் கருநீலமும் ஒன்றுபோலத் தெரியும். விளிம்பைக் கைக்குள் வைத்துக் கசக்கி விடுங்கள். நல்ல கம்பளி நிமிர்ந்துகொள்ளும். உட்பக்க இடதுபுறத் தையலிலோ உள்பையிலோ இருக்கும் சீட்டில் எத்தனை சதவீதம் கம்பளி என்று பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் பிரிட்டிஷ் பிப்ரவரிக்கு அது போதாது. இப்போது காலரைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்துப்பூச்சிக்குப் பிடித்த இடம் அது: வெளிச்சமும் கையும் படாத மடிப்பு. மணல் ஒட்டியதுபோல் வெளிறிய துணுக்குகள் தெரிந்தால் கோட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் ஓட்டைகள் நட்சத்திரம்போலத் தெரியும். அக்குளில் உள்துணி விட்டிருக்கிறதா? கைமுனை தேய்ந்திருக்கிறதா? ஒவ்வொரு பையிலும் கையை முழுதாக விடுங்கள். அடி கிழிந்த பை ஒன்றாவது இருக்கும். பழைய பஸ் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும் கிடைக்கும், பரவாயில்லை. பட்டன்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் உட்பக்கச் சீட்டில் உபரி பட்டன் தைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியில் போட்டுப் பாருங்கள். தோள் பொருந்த வேண்டும், மற்றதெல்லாம் அடுத்துத்தான். கை நீளத்தையும் கீழ் விளிம்பையும் தையல்காரர் குறைத்துத் தருவார். தோளைப் பிரித்துத் தைக்க அவர் கேட்கும் கூலி கோட்டின் விலையைத் தாண்டிவிடும். நல்ல கம்பளிக் கோட்டு 15 முதல் 40 பவுண்டுக்குள் கிடைக்கும். ஸ்வெட்டர் 5 முதல் 10.

துணியின் வயதைச் சீட்டே சொல்லிவிடும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1928 முதல் 2000 வரை தன் துணிகளில் 'செயின்ட் மைக்கேல்' என்ற பெயரைப் போட்டது. அந்தச் சீட்டு இருந்தால் துணிக்குக் குறைந்தது கால் நூற்றாண்டு வயது. அந்தக் காலத்துத் தையலும் உள்மடிப்பும் கனமாக இருக்கும், இன்னொரு கால் நூற்றாண்டுக்குத் தாங்கும். பாதி வெட்டிய வட்டங்கள்போல் இரண்டு சி எழுத்துகளும் 41 என்ற எண்ணும் சேர்ந்த முத்திரை கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். போர்க்காலச் சிக்கனத் திட்டத்தின் கீழ் 1941-இல் தொடங்கி 1952 வரை போடப்பட்ட முத்திரை அது. உருண்டையும் சிலுவையும் சேர்ந்த முத்திரை ஹாரிஸ் ட்வீட். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், நெசவாளர் தம் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1993-இல் தனிச்சட்டமே இருக்கிறது. அந்த ஜாக்கெட்டுகள் இங்கே தாத்தாக்களின் அலமாரியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன.

ஸ்வெட்டரில் சின்னச் சின்ன உருண்டை கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். அதற்கான ரேஸரால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆனால் சுடுநீரில் துவைத்துக் கெட்டியாகிச் சுருங்கிய கம்பளியை ஒன்றும் செய்ய முடியாது. மலிவு பிராண்டுத் துணியைப் பார்த்தால் புதுசின் விலையை நினைத்துப் பாருங்கள். புதிதாக நான்கு பவுண்டுக்கு விற்கும் டிஷர்ட் இங்கே ஐந்துக்குத் தொங்குவதுண்டு. விலை போடுபவருக்கு எல்லாக் கடை விலையும் தெரிந்திருக்க நியாயமில்லை.

7. பீங்கான் அலமாரி

இங்கே முதல் விதி: கவிழ்த்துப் பாருங்கள். எல்லாக் கதையும் அடியில் எழுதியிருக்கும். செய்தவர் பெயர், ஊர், சில சமயம் வடிவத்தின் பெயரும். 'இங்கிலாந்தில் செய்தது' என்று நாட்டின் பெயரைப் போட்டிருந்தால் அநேகமாக அது 1891-க்குப் பிந்தையது. அந்த ஆண்டு அமெரிக்கா இறக்குமதிப் பொருளுக்கு நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது, பிரிட்டிஷ் பீங்கான் தொழிற்சாலைகளும் பணிந்தன.

இரண்டாவது, தட்டிப் பாருங்கள். பொங்கலுக்குப் பானை வாங்குவதுபோலத்தான். கோப்பையை உள்ளங்கையில் நிறுத்தி, விரல் நகத்தால் விளிம்பைச் சுண்டினால் கணீரென்று ஒலி நிற்க வேண்டும். சத்தம் சப்பையாக விழுந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். பிறகு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். உடைந்த துணுக்கைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் பிடிக்கும். மெருகுக்குள் வலைபோலக் கோடுகள் தெரிந்தால் அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், சாம்பார் ஊற்ற வேண்டாம். மஞ்சள் அந்தக் கோடுகளுக்குள் இறங்கிவிடும். மிகப் பழைய, பளீர் நிறப் பாத்திரங்களின் மெருகில் ஈயம் இருக்கலாம் என்பதால் புளிப்பான எதையும் அதில் வைக்காதீர்கள்.

மெல்லிய கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரிகிறதா? அது போன் சைனா. சைவ வீடுகளுக்கு ஒரு தகவல்: அதில் மாட்டெலும்புச் சாம்பல் கலந்திருக்கும். வேண்டாமென்றால் ஸ்டோன்வேர் எனப்படும் கெட்டி மண்பாண்டத்தின் பக்கம் போங்கள். டார்பிஷயரில் 1809-இல் தொடங்கிய டென்பியின் பழைய தட்டுகள், 2000-இல் மூடப்பட்ட ஹார்ன்சீ மண்பாண்டத் தொழிற்சாலையின் பழுப்பு ஜாடிகள் இவையெல்லாம் நம் சமையலறைக்குத் தோதானவை. ஜாடியின் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பருப்பில் வண்டு வராமல் காப்பது அதுதான். செடிகொடி வரைந்த போர்ட்மேரியன் தட்டுகள் 1972-இல் சூசன் வில்லியம்ஸ்-எல்லிஸ் வடிவமைத்தவை. செட்டாகக் கிடைக்காது. ஒவ்வொன்றாக வெவ்வேறு ஊர்க் கடைகளில் தேடிச் சேர்ப்பதில்தான் அதன் சுகம்.

பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரங்களைச் சண்டர்லாந்தில் 1920களிலிருந்து 2007 வரை செய்தார்கள். பழையவை கனமானவை, ஓவனில் பயமில்லாமல் வைக்கலாம், தயிர் உறைய வைக்கவும் வாகானவை. வார்ப்பிரும்புச் சட்டி கிடைத்தால் உட்பக்க எனாமல் பெயர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். நான்ஸ்டிக் வாணலி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

8. நகைத் தட்டு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தட்டைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். நாம் 916-ஐப் பார்த்து வளர்ந்தவர்கள். இங்கே தங்கத்தில் அதிகம் தென்படும் எண் 375, அதாவது 9 காரட். 750 என்றால் 18 காரட். வெள்ளியில் நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் ஸ்டெர்லிங், ஆயிரத்தில் 925 பங்கு. கூடவே ஊர் முத்திரையும் இருக்கும்: சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம், கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருங்கள். ஈ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்து இருந்தால் அது வெள்ளி முலாம் மட்டும். ஸ்பூனாகப் பயன்படுத்தலாம், வெள்ளி விலை கொடுக்கக் கூடாது. ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். நகைகளை அனுபவமுள்ளவர்கள் ஏற்கெனவே சலித்திருப்பார்கள் என்பதால் இந்தத் தட்டில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

9. புத்தகம், பலகை விளையாட்டு, இசைத்தட்டு

புத்தகத்துக்கு ஆக்ஸ்ஃபாம் தனியாகப் புத்தகக் கடைகளே நடத்துகிறது. ஒரு பேப்பர்பேக் ஒன்று முதல் மூன்று பவுண்டு. பல்கலைக்கழக ஊர்களில் பாடநூல் கிடைக்கும், பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். மூக்கருகே வைத்து ஒருமுறை புரட்டுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் உங்கள் அலமாரியில் இருக்கும் மற்றவற்றுக்கும் ஒட்டும். ஜிக்சா பெட்டிகளில் 'எண்ணப்பட்டது' என்று யாராவது தன்னார்வலர் எழுதி ஒட்டியிருந்தால் அவர் உண்மையிலேயே ஆயிரம் துண்டையும் எண்ணியிருப்பார். இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து, விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து நகத்தில் தட்டும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

10. மேசை, சோபா, மின்சாதனம்

பெரிய சாமானுக்கு பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் போன்றவை தனிக் கடைகள் வைத்திருக்கின்றன. சோபாவில் தீத்தடுப்புச் சீட்டு நிரந்தரமாகத் தைத்திருக்க வேண்டும். 1988 விதிகளின் தீத்தடுப்புத் தரத்துக்கு உட்படாததைக் கடையில் விற்கக் கூடாது, அந்தச் சீட்டுதான் அதற்கு எளிய ஆதாரம். 1950-க்கு முந்தையவற்றுக்கு மட்டும் விலக்கு. வீட்டிலிருந்து நேரடியாக யாரேனும் விற்கும்போதும் அந்தச் சீட்டைப் பார்ப்பது நல்லது. பிற்காலத்தில் நீங்கள் அதை நன்கொடையாகக் கொடுக்க நினைத்தாலும் சீட்டு இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள், அதனால் வெட்டிவிடாதீர்கள்.

மேசையின் இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். மரம் விரல் கோத்ததுபோல் இணைந்திருந்தால் நல்ல வேலை. ஆணியும் ஸ்டேப்பிளும் தெரிந்தால் சாதாரணம். சின்னத் துளைகளிலிருந்து புது மரத்தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. கொண்டுவந்து சேர்க்கும் கூலியையும், உங்கள் வீட்டு மாடிப்படியின் அகலத்தையும் வாங்குவதற்கு முன்பே கேட்டு அளந்துகொள்ளுங்கள். மின்சாதனத்தில் சோதனை செய்த தேதியுடன் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும்.

எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாதவை: குழந்தைகளுக்கான கார் இருக்கை, சைக்கிள் மற்றும் மோட்டார்சைக்கிள் தலைக்கவசம். ஒரு விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது.

11. கல்லாவில்

பாண்டி பஜார் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். இங்கே பேரம் பேசுவது வழக்கமில்லை. பணம் யாருக்குப் போகிறது என்பது கடைப் பெயரிலேயே எழுதியிருக்கிறது, கல்லாவில் நிற்கும் தன்னார்வலருக்கு விலை குறைக்க அதிகாரமும் கிடையாது. விலைச்சீட்டில் குறிப்பிடாத குறையை நீங்கள் கண்டுபிடித்தால் மட்டும் மெதுவாகக் காட்டுங்கள்: 'இதில் ஒரு பட்டன் இல்லை, மேலாளரைக் கேட்க முடியுமா?' பெரும்பாலும் ஒரு பவுண்டாவது குறையும்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். மின்சாதனம் வேலை செய்யவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். வாங்கும்போதே சுட்டிக்காட்டிய குறையை, அல்லது பழையது என்பதால் எதிர்பார்க்கக்கூடிய தேய்மானத்தைக் காரணம் காட்ட முடியாது. வெறுமனே பிடிக்கவில்லை என்றால் அது அந்தந்தக் கடையின் விருப்பம், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பேச்சுக் கொடுங்கள். வானிலையில் தொடங்கினால் போதும். 'டென்பி தட்டுத் தேடுகிறீர்களே, வியாழக்கிழமை ஒரு பெட்டி வந்திருக்கிறது' என்ற செய்தி அப்படித்தான் வரும். எடுத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். பல கடைகளில் ஊழியர்களே பொருள் வெளியே வந்தபிறகுதான் வாங்க வேண்டும் என்று விதி.

12. வீட்டுக்கு வந்ததும்

கம்பளியை அலமாரிக்குள் நேராக வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் போக வழியில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் சாகும். இட்லி மாவுக்கு இடமில்லையே என்று வீட்டில் சத்தம் வரும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பருத்தியைச் சீட்டில் சொன்ன வெப்பத்தில் துவைத்தால் போதும். பழைய வாடைக்குத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து ஊறவைத்து அலசி, வெளியே காற்றில் போடுங்கள். நாப்தலீன் வாடை மட்டும் ஒரு துவைப்பில் போகாது, வாரக்கணக்கில் காற்றாட வேண்டும். மெழுகுத்துணி ஜாக்கெட்டை வாஷிங் மெஷினில் போடவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, மெழுகை உருக்கித் தடவினால் புதிதுபோல் மழை தாங்கும்.

13. திருப்பிக் கொடுக்கும்போது

இரண்டு குளிர்காலம் தொடாத பொருளைக் கொடுத்துவிடலாம். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து கூடுதலாக 25 பென்ஸ் அந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போகும். பார்கோடு அச்சிட்ட ஸ்டிக்கர்கள் தருவார்கள், பையில் ஒட்டிக் கொடுத்தால் எது யாருடையது என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். உங்கள் பொருள்கள் மொத்தம் எத்தனை பவுண்டுக்குப் போயின என்று பிறகு சில நிறுவனங்கள் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பும்.

துவைத்துக் கொடுங்கள். ஜோடிச் சப்பாத்தின் நாடாக்களை ஒன்றோடொன்று முடிச்சிடுங்கள். கிழிந்த துணியையும் சில கடைகள் கந்தலுக்காக வாங்கிக்கொள்ளும். கேட்டுவிட்டு, தனிப் பையில் 'கந்தல்' என்று எழுதிக் கொடுத்தால் பிரிப்பவருக்கு வேலை மிச்சம். கடை மூடியபின் வாசலில் பையை வைத்துவிட்டு வராதீர்கள். இரவு மழையில் நனைந்தால், அல்லது யாராவது கிளறிப் போட்டால், மறுநாள் காலை அதைக் குப்பையாக அள்ளும் செலவு அந்தத் தொண்டு நிறுவனத்தின் தலையில்தான் விழும். திங்கள் காலை பின்னறை நிரம்பி வழியும், செவ்வாய் மதியத்துக்கு மேல் கொண்டு போங்கள்.